கண் வைக்காத மிருகம்

போன வாரம் பாப்பாவுக்கு வயிற்றுவலி. மாங்காய்ப் பிஞ்சைப் பொறுக்கித் தின்றிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரியாத வரைக்கும் நான் என்னென்னவோ நினைத்தேன். நாலு வயதுக் குழந்தைக்குத் தாயாகியும் இதெல்லாம் எனக்கு இன்னும் பழகவில்லை. நெற்றியைத் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டால் சுடாத மாதிரி இருக்கும். அவருக்கு அன்று காலை ஷிஃப்ட். திருவெறும்பூர்த் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் ஏறினவர், "பெருங்காயத்தை உரசித் தொப்புளச் சுத்திப் போடு. மத்தியானமும் வலிச்சா டாக்டர்ட்ட போலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காட்டூரில் எங்கள் வீட்டிலிருந்து டாக்டர் வீடு பத்து நிமிட நடை. அந்த நடையை அதற்குள் நான் மனத்தில் நாலு தடவை நடந்துவிட்டேன்.

வீட்டில் பெருங்காயம் தீர்ந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில், கல்யாணத்தின்போது அம்மா சாமான்களோடு வைத்து அனுப்பிய பழைய பெருங்காயத் தகர டப்பா ஒன்று உண்டு. கையகலம், சதுரம். ஊக்கு, பொத்தான், பாப்பாவின் பழைய வசம்பு வளையல் எல்லாம் இப்போது அதில்தான். அடியில் ஒரு துண்டாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று திறந்தேன். துண்டும் இருந்தது, பழைய வாசனையும் இருந்தது. உரசிப் பற்றுப் போட்டதும் பாப்பா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். துருப்பிடித்த விளிம்பில் விரலைக் கீறிக்கொள்வாளே என்று ஒரு யோசனை. பிடுங்கினால் அழுவாளே என்று இன்னொரு யோசனை. மூடியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டப்பாவின் முகப்பில் ஒட்டிய லேபிளில் சிவப்பு எல்லாம் வெளுத்துவிட்டது. கறுப்பில் அச்சான ஒரு மிருகம் மட்டும் நிற்கிறது. எண்ணெய்க் கையும் அடுப்புப் புகையும் பட்டு, கண் இருந்த வெள்ளைப் புள்ளிகூட அடைந்துபோயிருந்தது.

"அம்மா, இதுக்குக் கண்ணு எங்க?"

"இருந்துச்சு."

"இது எந்தப் பக்கம் பாக்குது?"

அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தேடியிருக்கிறேன்.

அந்த மிருகம் உலகத்தில் எங்கும் கிடையாது. அதைச் செய்தவள் ஜைத்தூன். அதற்குக் கண் வைத்தவள் நான். இப்படிச் சொன்னால் பெருமையடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அதில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், சரியாகிவிடும்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் தெருவில் குடியிருந்தோம். அப்பா ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சர்க்கார் டிராயிங் பரீட்சையில் லோயர் கிரேடும் தேறிவிட்டு வீட்டில் இருந்தேன். டீச்சர் வேலைக்கு ஹையர் கிரேடு வேண்டும். அதற்கு நாள் இருந்தது. டிஸ்பென்சரிக்கு மருந்துச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கிற காதர் பாய் பாலக்கரையில் வீட்டோடு ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கடைச் சரக்குகளுக்கு லேபிள் போடுவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. தங்கைக்குத் துணையாகப் படம் வரையத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "வீட்டுக்குள்ளயே வேலைங்க. எங்கம்மா இருக்காங்க, தங்கச்சி இருக்கு. அஞ்சு மணிக்கு நானே பஸ் ஏத்தி விட்டுர்றேன்" என்று அவர் சொன்னதில் அம்மா அரைமனதாகச் சம்மதித்தாள். வீட்டுக்கார மாமிதான் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"ஏண்டி கொழந்தே, அங்கே என்ன வரையப் போறே?"

"மிருகம், மாமி."

"என்ன மிருகம்?"

"தெரியல மாமி. இனிமேத்தான் கண்டுபிடிக்கணுமாம்."

மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் சொன்னது நிஜம். அந்த நாளில் கடைக்கு வருகிறவர்களில் எழுத்தைப் படித்து வாங்குகிறவர்கள் குறைவு. படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். யானை மார்க் கொடுங்க, கிளி மார்க் இல்லையா, என்று. யானை, சிங்கம், மான், மயில் எல்லாவற்றையும் பெரிய கடை வீதிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரே சரக்கில் இரண்டு யானை நின்றால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மிருகம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. "இருக்கிற மிருகத்துக்கெல்லாம் ஆள் வந்துட்டாங்க. இனிமே இல்லாததுதான் பாக்கி" என்பார் காதர் பாய்.

அந்த இல்லாததைத்தான் அவர் தங்கை ஜைத்தூன் உண்டாக்கினாள்.

அவளுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம், இருபது. மெலிந்த உடம்பு, பெரிய கை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பரீட்சை பாஸ் செய்துவிட்டு வந்தவள் என்பதால் என்னை முதல் நாளிலிருந்தே "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வேலை செய்த அறை வீட்டின் பின்கட்டில், கிணற்றைப் பார்த்தபடி இருக்கும். உள்ளே நுழைந்ததும் மைதாப் பசையும், அதில் பூச்சி வராமல் இருக்கப் போடுகிற மயில்துத்தமும், முன்பக்கத்து அச்சு மையும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது பசை காய்ச்சினால் என் கை பிரஷைத் தேடுகிறது.

முதல் நாள் என்னை ஒரு புது மிருகம் போடச் சொன்னாள். நான் பரீட்சைக்குப் படித்த பெண் அல்லவா, பென்சிலைச் சீவி, சிங்கத்தின் தலை, குதிரையின் உடம்பு, மயிலின் வால் என்று ஒவ்வொன்றாக எடுத்து, நிழல் வெளிச்சமெல்லாம் போட்டு, மத்தியானம் வரை உட்கார்ந்து வரைந்தேன். ஜைத்தூன் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், இது மிருகம் இல்ல. கறிக்கடை."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் செய்கிறதைக் காட்டினாள். கதவு விளிம்புக்குச் சாயம் அடிக்கிற பழைய பிரஷ், மயிர் பாதி உதிர்ந்தது. அடுப்புக் கரியைக் கரைத்த மை. வீணாய்ப்போன லேபிள்களின் பின்புறம்தான் காகிதம். கோடு என்பதே கிடையாது. பிரஷைப் பட்டென்று வைத்து இழுப்பாள், ஒரு உடம்பு. ஒரு தட்டு, தலை. ஒரு சுழி, வால். மூச்சு விடுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் அடுத்த தாளை எடுப்பாள். ஒரு மணி நேரத்தில் முப்பது நாற்பது கறுப்பு நிழல்கள். அறையின் குறுக்கே கட்டிய சணல் கயிற்றில் மூங்கில் சிம்பைப் பிளந்து செய்த கிளிப்பால் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, கிணற்றடிக்குப் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாள்.

"அங்கேருந்து பாத்துத் தெரியலன்னா கடையிலயும் தெரியாது. கடைக்காரர் டப்பாவத் தூரத் தட்டுல வச்சிருப்பாரு. கும்மிருட்டாக் கிடக்கும். அப்பவும் நம்மாளு நிக்கிறது தெரியணும்."

தெரியாததெல்லாம் அடுப்புக்குப் போகும். நான் என்றால் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இது ஒருவேளை பிறகு உதவுமோ என்று யோசிப்பேன். அவள் கை தயங்கவே தயங்காது. எரித்ததில் ஏதாவது நன்றாயிருந்தால், "திரும்ப வரும் புள்ள, அதுக்கு வீடு தெரியும்" என்பாள்.

கற்றுக்கொடுக்கிறேன் என்று அவள் ஒருநாளும் உட்காரவில்லை. நான் தப்புச் செய்யும்போது சிரிப்பாள், சிரிப்புக்கு நடுவில் ஏதாவது சொல்லுவாள். "காலை வரையாத, காலுக்கு நடுவுல இருக்கிற வெளிச்சத்த வரை." "எல்லாம் ஒரே அளவா இருந்தா அது மூட்டை. எதாவது ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கணும்." நிழல்களில் பிடித்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், மழை வந்தால் எங்கே ஒதுங்கும் என்று ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசுவாள். "புல்லு திங்கும்" என்பேன். "இந்தக் கழுத்த வச்சுக்கிட்டா? எட்டாது, பட்டினி கெடக்கும்" என்று அடுத்த தாளில் கழுத்தை இழுத்துவிடுவாள். கரித் தீற்றல் ஒன்று நம் கண் முன்னால் பசியாறுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குப் பொறாமையே வரவில்லை. வந்திருக்க வேண்டும். பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

ஒருநாள் நான் ஸ்ரீரங்கம் கோயில் தூணில் இருக்கும் யாளியைப் பார்த்து வரைந்துகொண்டு போனேன். நம் ஊரிலேயே இருக்கிறதே, எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். "நல்லாருக்கு டீச்சர். ஆனா இத ஏற்கெனவே ஒருத்தர் கண்டுபுடிச்சிட்டாரே" என்று மடித்து என் பைக்குள் வைத்துவிட்டாள்.

தேறிய நிழல்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. பத்து மணிக்கு உறையூரிலிருந்து ஒரு தயிர்க்காரம்மா வருவார். எழுத்து வாசனை கிடையாது, வாய் மட்டும் மூன்று பேருக்குப் போதும். கூடையை இறக்கியதும் ஜைத்தூன் கயிற்றைக் காட்டி, "இதெல்லாம் என்னன்னு சொல்லுங்க" என்பாள். ஆடு, மாடு என்று தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டால் அது தோற்றது. "என்னமோ தெரியல போ" என்றாலும் தோற்றது. அந்த அம்மாவாக ஒரு பெயர் வைத்துத் திட்ட வேண்டும். அப்போதுதான் பாஸ்.

"இது என்னடி, கழுத கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி."

"இத வச்சுக்கலாம்" என்பாள் ஜைத்தூன்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜைத்தூனின் அத்தா நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் இறந்திருந்தார். மகள் வரைவதில் அவருக்கு ஆசை. பூவும் கொடியும் கட்டமும் அவர்தான் உட்கார்ந்து போடச் சொல்லுவாராம். "உசுருள்ளதுக்கு மட்டும் கண்ணு வைக்காதம்மா" என்று ஒன்றுதான் சொல்லியிருந்தார். அதை அவள் விடவில்லை. அவள் செய்கிற மிருகம் நிழலாகவே நிற்கும். நிழலாகவே மரக்கட்டையில் வெட்டப்பட்டு, நிழலாகவே ஒரு தாளில் அச்சாகி வரும். அந்த முதல் தாளைப் பார்த்துச் சரி என்ற பிறகு, கட்டையில் கண்ணைக் குடைவது என் வேலை. ஆணி மாதிரி ஒரு சின்ன உளி. கட்டையில் குடைந்த இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். அவள் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, "இன்னும் கொஞ்சம் கீழ. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்று யோசனை சொல்லுவாள். உளியை மட்டும் தொடமாட்டாள்.

இதில் வருத்தம் என்னவென்றால், ஒரு வருஷமாக அவளுடைய மிருகம் ஒன்றுகூட விலை போகவில்லை. வியாபாரிகள் வருவார்கள், பார்ப்பார்கள், "நல்லாத்தாங்க இருக்கு, இருந்தாலும் ஒரு மயில் போட்டுருங்களேன்" என்பார்கள். எடுத்துக்கொள்ளப்பட்ட மயிலுக்கே தோகையைக் கொஞ்சம் மாற்றிக் குடை பிடிக்கவைத்துக் கொடுப்போம். காதர் பாய் நல்லவர்தான். ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார். "நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்போம்மா. ஒருத்தராவது ஒன்னோடத எடுத்தா சரி. இல்லன்னா சிவகாசிலேருந்து ரெடியா வெட்டின கட்டைய வாங்கிக்கலாம். இந்த ரூமும் சாமான் போட ஆவும்" என்று சொல்லிவிட்டார். மாதிரிக்கு ஒரு மயில் கட்டையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். எனக்காவது இனி எழுத ஹையர் கிரேடு இருந்தது. ஜைத்தூனுக்கு அந்தச் சணல் கயிறுதான் இருந்தது.

நோன்புக்குச் சில வாரம் முன்னால் தொட்டியத்திலிருந்து ஒருவர் வந்தார். வாழை விவசாயம். அதை விட்டுவிட்டு, அப்பா பெயரில் கூட்டுப் பெருங்காயம் போடப் போகிறார். முன்னறையில் உட்கார்ந்து காதர் பாயிடம் பேசிக்கொண்டிருந்தவர், திரைச்சீலை காற்றில் விலகினபோது பின்கட்டைப் பார்த்துவிட்டார்.

"அந்தா, மூணாவதாத் தொங்குதே. அது என்னங்க?"

"அது சும்மாங்க. தங்கச்சி போட்டது."

"சும்மாவா? தெரிஞ்ச ஆளு வாசல்ல வந்து நிக்கிற மாதிரில்ல நிக்குது. அதயே போடுங்க."

உள்ளே ஜைத்தூன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. வளையல் இரண்டு உடைந்தது.

அந்த மிருகத்தைச் சொல்கிறேன். நன்றாகத் தின்ற கன்றுக்குட்டியின் உடம்பு. ஆட்டுக்கால் மாதிரி மெல்லிய கால்கள், நடுவில் வேண்டிய வெளிச்சம். நீண்ட கழுத்து. தலையின் முன்பக்கம் வாத்தின் அலகு போல அகலமான வாய். பின்பக்கம் கீழே வளைந்து தொங்குகிற கொண்டை. லேபிளில் இடப்பக்கம் மிருகம், வலப்பக்கம் சிவப்பில் அப்பாவின் பெயர். "எங்கப்பாரு பேரப் பாத்து நடந்து வரணுங்க. அவர் கூப்பிட்டு வர்ற மாதிரி" என்றார். வெள்ளிக்கிழமை கடை திறப்பு, வியாழக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இங்கேதான் நான் வருகிறேன்.

அச்சுக் கட்டையில் படம் இடம் வலமாக மாறி இருந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். ஆகவே ஜைத்தூனின் நிழலை நான் மெல்லிய காகிதத்தில் நகல் எடுத்துக் கொடுப்பேன். கட்டை வெட்டுகிற ஆசாரி அதைக் கவிழ்த்து ஒட்டி வெட்டுவார். எப்போதும் அவர்தான் கவிழ்ப்பார். ஆனால் இது ஜைத்தூனின் முதல் மிருகம், ஏதாவது தப்பாகிவிடக்கூடாதே என்று எனக்கு இரவெல்லாம் யோசனை. ஆசாரி ஒருவேளை மறந்துவிட்டால்? சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிச் சந்து முடுக்கு வரை போய், மைப்புட்டியை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதிலும் அதே புத்தி. எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஒரு தடவை திருப்பி நகல் எடுத்துக் கொடுத்தேன். ஆசாரி மறக்கவில்லை. அவரும் திருப்பினார்.

யானை சிங்கம் என்றால் யாருக்காவது உறுத்தியிருக்கும். இல்லாத மிருகத்துக்கு எது வலம், எது இடம்? ஆசாரி புதன்கிழமை சாயங்காலம் கட்டையைக் கொடுத்துவிட்டு, பேரனுக்குக் காதுகுத்து என்று லால்குடிப் பக்கம் போய்விட்டார். வியாழன் காலை, சிவப்பெழுத்து ஏற்கெனவே அச்சாகியிருந்த தாள்களில் ஒன்றை வைத்து மெஷினை மிதித்தார் காதர் பாய். தாளை எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? அவுங்க அப்பா பேருக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போவுதே."

நான் பார்த்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு, பெரியவர் பெயருக்கு நேராகப் பின்புறத்தைக் காட்டியபடி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஆசாரிக்கு என்னாச்சு? காதுகுத்து ஞாபகத்துல வெட்டிட்டாரா? இப்ப வேற கட்ட வெட்ட யாரு இருக்கா? பேரை இந்தப் பக்கம் மாத்தலாம்னா தாளு அம்புட்டும் அடிச்சாச்சு." அவர் கண் அலமாரியில் இருந்த மயிலுக்குப் போனது. "வர்றவரு மயிலுன்னா ஒத்துக்குவாரு. வேற வழி?"

நான்தான் திருப்பினேன் என்று அவரிடம் சொல்லாமல் தாளை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் ஜைத்தூனிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் கோபித்திருந்தால்கூடத் தேவலை. கையில் இருந்த பிரஷைத் துடைத்து வைத்தாள்.

"நீயும் திருப்பினியா, அவரும் திருப்பினாரா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் ரொம்பப் பொறுப்பு" என்றாள். பிறகு தாளைக் கயிற்றில் மாட்டிவிட்டு, வழக்கம்போல் கிணற்றடிக்குப் போய்விட்டாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைப் பாதி மூடி நின்றாள். முன்னறையில் காதர் பாய் மயில் கட்டையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"டீச்சர், கண்ணு இன்னும் வைக்கலல்ல?"

"இல்ல."

"அப்ப இது எந்தப் பக்கம் பாக்குதுன்னு யாரு சொன்னது?"

எனக்குப் புரியவில்லை. அவள் அடுப்படிக்குப் போய் முறத்திலிருந்து ஒரு நொய்யரிசியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். தாளைக் கயிற்றிலிருந்து இறக்கித் தரையில் போட்டாள். "தலையில, பின்பக்கமா வை. கொண்டைக்கிட்ட." அரிசியைக்கூட அவள் வைக்கவில்லை.

வைத்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கறுப்பில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் அது தலையைத் திருப்பிவிட்டது. பின்னால் தொங்கின கொண்டை நீண்ட மூக்காகிவிட்டது. முன்னால் இருந்த வாத்து வாய் தலைக்குப் பின்னால் விரிந்த கொண்டையாகிவிட்டது. நடந்துகொண்டிருந்த மிருகம் நின்று, கழுத்தைத் திருப்பி, அந்தப் பெரியவரின் பெயரைப் பார்த்தது.

நான் அரிசியை எடுத்தேன். முன்னால் பார்த்தது. வைத்தேன். பின்னால் பார்த்தது.

"விளையாடாத. போய் உளிய எடு."

கட்டையில் குடைந்தால் குடைந்ததுதான், அடைக்க முடியாது. இரண்டு தடவை பென்சிலால் புள்ளி வைத்து இரண்டு தடவையும் அழித்தேன். இது சரிதானா, இன்னும் கொஞ்சம் தள்ளியா என்று அவளைக் கேட்டேன்.

"உனக்குத்தான் தெரியும். மைப்புட்டிய மூடினமான்னு முடுக்குல நின்னு பாப்பியே, அப்ப உன் கண்ணு எங்க இருக்கும்? அங்க வை."

வைத்தேன். வாழ்க்கையில் நான் மறுபடி சரிபார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தொட்டியத்துக்காரர் வந்தபோது புதுத் தாளின் மை காயவில்லை. காதர் பாய் கையைப் பிசைந்தபடி, "ஆசாரி ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டாருங்க" என்று ஆரம்பித்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஜைத்தூனின் குரல் வந்தது. அவள் வியாபாரியிடம் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"தப்பு இல்லண்ணே. நான் போட்டதே அப்படித்தான். பெரியவர விட்டுட்டுப் போக மனசில்லாமத் திரும்பிப் பாக்குது."

அவர் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜைத்தூன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"நானும் இப்படித்தாங்க வாழைய விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் அவர். "தோட்டத்துப் பக்கம் போனா இன்னும் திரும்பித் திரும்பித்தான் பாக்குறேன். இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? சரி, அடிங்க."

மெஷின் ஓடத் தொடங்கிய சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து சிரித்தோம். நான் சிரித்தேனா அழுதேனா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் தயிர்க்காரம்மா கூடையை இறக்கிவிட்டு அந்த லேபிளைப் பார்த்தார்.

"புள்ள பின்னால வருதான்னு பாக்குது. பெத்தவ இல்ல? பாக்கத்தான் செய்யும்."

எங்களுக்கு அப்போது இருபது, இருபத்தொன்று வயது. பிள்ளை பெறுவதைப் பற்றி என்ன தெரியும், சிரித்துவிட்டோம்.

காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் ஜனங்கள் அதற்கு "திரும்பிப்பாத்தான் மார்க்" என்று தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த லேபிளைப் பார்த்து வேறு சிலரும் வந்தார்கள். சீயக்காய்த் தூளுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று ஜைத்தூனின் மிருகங்கள் வெளியே போயின. மயில் கட்டை அலமாரியிலேயே கிடந்தது. ஆசாரியைக் காதர் பாய் பல நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நான்தான் திருப்பினேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஜைத்தூன் சொன்னாள் என்பது பாதிதான் உண்மை. எனக்குத் தைரியம் இல்லை என்பது மீதி. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஜைத்தூனுக்குக் கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனாள். ஒரு கடிதம் வந்தது. நாலு வரி நலம் விசாரிப்பு, ஓரத்தில் கறுப்பாக ஒரு நிழல். கண்ணில்லாமல் எனக்காக விட்டிருந்தாள். எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து நான் வைக்கவே இல்லை. எனக்கும் கல்யாணமாகிக் காட்டூருக்கு வந்துவிட்டேன். வீடு மாற்றினதில் அந்தக் கடிதம் எங்கேயோ போய்விட்டது. எப்படித் தொலைத்தேன் என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

போன வருஷம் பாலக்கரையில் பஸ் மாறும்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். காதர் பாய் வீட்டை விற்றுவிட்டு மகனோடு மதுரைக்குப் போய்விட்டாராம். முன்னறையில் சைக்கிள் ரிப்பேர். பின்கட்டு அறையில் டயர்கள் அடுக்கியிருந்தன. வெள்ளையடித்திருந்தார்கள். சணல் கயிறு கட்டின ஆணி இரண்டு மட்டும் சுவரில் இருந்தன, அவற்றின் மேலும் வெள்ளை. கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். கடைகளில் பெருங்காயம் இப்போது தகரத்திலேயே அச்சடித்த டப்பாவில் வருகிறது. அதில் ஒரு குழந்தை சிரிக்கிறது. எந்தக் கடைக்காரரிடமும் யாரும் மிருகத்தைச் சொல்லிச் சரக்குக் கேட்பதில்லை.

பாப்பாவுக்கு அன்று மத்தியானமே வலி விட்டுவிட்டது. டப்பாவை மட்டும் அவள் விடவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை. வாசலில் மாக்கோலம் போட அரிசிமாவைக் கரைத்து வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் சுண்டுவிரலை மாவில் தோய்த்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, டப்பாவின் மேல் குனிந்திருக்கிறாள்.

"கண்ணு வச்சிட்டேன்மா."

பார்த்தேன். முன்பக்கத்தில், வாத்து வாய்க்கு அருகில் வைத்திருந்தாள். அங்க இல்ல பாப்பா, பின்னால, என்று சொல்லக் கையை நீட்டிவிட்டேன். ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் போய்விடும். சரியான இடத்தை நானே காட்டலாம்.

அப்போதுதான் லேபிளின் வலப்பக்கத்தைப் பார்த்தேன். பெரியவரின் பெயரில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. வெறும் மஞ்சள் காகிதம். முதுகைக் காட்டக்கூடாது என்பதற்கு அதன் பின்னால் இப்போது எதுவும் இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன். ஜைத்தூன் முதலில் பிரஷைப் பட்டென்று வைத்து இழுத்தபோது இருந்த அதே முகத்தோடு அது நேராகப் பார்த்துக்கொண்டு போனது. மாவு காயட்டும் என்று டப்பாவை வெயிலில் வைத்தேன். உள்ளே போகிற வழியில், நிலைப்படியில் நின்று, பாப்பா வருகிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.